பெயர் வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

கடைக்கு வெப்சைட் போட வேண்டும் என்று என்னிடம் வருகிற தம்பி தங்கைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவுங்க ஆகும்?" அடுத்து, "எத்தனை நாள்ல முடியும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தத் தளம் யாரிடம் என்ன சொல்லப்போகிறது என்பது தெரியாமல் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அதை வெப்சைட் செய்து தருகிறவர் தீர்மானிக்க முடியாது. தினமும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கிற உங்களால்தான் முடியும். திட்டமிடுவது என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான்.

அச்சகத்தில் நோட்டீசும் பில் புக்கும் அடித்துக் கொடுத்த காலம் தொட்டே ஈரோடு, பவானி வட்டாரக் கடைகளுக்கு எழுதித் தருவது என் தொழில். அதனால் உதாரணத்துக்குப் பவானியில் ஒரு ஜமக்காளக் கடையை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் செக்கு எண்ணெய் விற்கலாம், முறுக்கு போடலாம், தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கலாம். சரக்கு மாறும், செய்ய வேண்டிய வேலை மாறாது.

1. வெப்சைட்டுக்குப் பெயர் வாங்கும் முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பேனாவோடு கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குப் போனிலும் நேரிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்கப்படுகிற ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். திருத்தி எழுத வேண்டாம். ஜமக்காளக் கடையில் இப்படி வரும்: "பத்துக்குப் பன்னெண்டு இருக்குங்களா?" "தண்ணி பட்டா சாயம் போகுமா?" "இது தறியில நெஞ்சதா, மெஷின்ல ஓட்டுனதா?" "பந்திக்கு விரிக்கிற மாதிரி நீளமா கெடைக்குமா?" "சென்னைக்கு அனுப்புவீங்களா, லாரி வாடகை யாரு?" "ஞாயித்துக்கிழமை கடை உண்டா?" "பஸ் ஸ்டாண்ட்ல எறங்கி எப்படி வரணும்?" "பொண்ணு கல்யாணத்துக்கு வேணும், பேரு போட்டுத் தருவீங்களா?"

இரண்டு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். உங்கள் தளத்தில் இருக்க வேண்டியவை அவைதான். கடை எப்போது தொடங்கியது, தாத்தா எவ்வளவு பாடுபட்டார் என்பதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அது உங்களுக்குப் பெரிய விஷயம், எனக்குப் புரிகிறது. அதற்கும் இடம் உண்டு, ஆனால் முகப்பில் வேண்டாம்.

வேலையாள் போனை எடுக்கிற கடையாக இருந்தால் அவரையும் எழுதச் சொல்லுங்கள். முதலாளி காதுக்கு வராத கேள்விகள் அவரிடம்தான் வரும். விலை கேட்டுவிட்டுப் பதில் பேசாமல் போனை வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதும் அவருக்குத் தெரியும்.

2. வருகிறவர்களில் யாருக்கு முதலிடம் என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவர், மண்டபத்துக்கு மொத்தமாக வாங்குகிறவர், வெளியூரிலிருந்து தறிப்பொருள் தேடி வருகிறவர் என்று ஜமக்காளக் கடைக்கு மூன்று தரப்பு உண்டு. மண்டபக்காரருக்கு எத்தனை உருப்படி, எத்தனை நாளில், என்ன விலை என்பது போதும். வெளியூர்க்காரருக்கு நெசவைப் பற்றித் தெரிய வேண்டும், படம் நிறைய வேண்டும். மூவரையும் முகப்பிலேயே வரவேற்கப் பார்த்தால் மூவரும் தேடித் தேடிச் சலித்துப் போவார்கள். இப்போது உங்களுக்குச் சோறு போடுகிறவர் யார், இனி யார் அதிகம் வர வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? இந்த இரண்டையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் கருத்து ஒத்துப்போகாத கடைகள் நிறைய உண்டு. அந்த வாக்குவாதத்தைத் தளம் கட்டும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

3. தளம் தொடங்கும் முன் கூகுள் மேப்பில் கடை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் காசு இல்லை. கடைப் பெயர், விலாசம், போன் நம்பர், திறக்கும் நேரம், வார விடுமுறை, கடை வாசல் படம் எல்லாம் சேருங்கள். கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்க்கும். கடையையும் தெருவையும் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதும் உண்டு. பெயர்ப் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், மேப்பில் ஒரு பெயர் என்று இருக்கக் கூடாது. உள்ளூர்க் கூட்டம் மட்டும் போதும் என்கிற சலூனுக்கும் பஞ்சர் கடைக்கும் இதுவே போதும், வெப்சைட் தேவைப்படாமலும் போகலாம். அப்படி இருந்தால் அந்தப் பணத்தைச் சரக்கில் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

4. காகிதத்தில் வரையுங்கள். போனை வெள்ளைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கட்டத்துக்குள் வருவதுதான் உங்கள் முகப்பு. வருகிறவர்களில் பெரும்பாலோர் போனில்தான் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் அழகாக விரித்துக் காட்டப்படுகிற மாதிரியைப் பார்த்து மயங்க வேண்டாம். விரலால் தள்ளாமலே மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: என்ன விற்கிறீர்கள், எந்த ஊரில், எப்படித் தொடர்புகொள்வது. அவ்வளவுதான் முதல் திரை.

பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாள். முகப்பு, ரகங்களும் விலையும், மொத்த ஆர்டர், அனுப்பும் விதமும் திரும்ப எடுக்கும் விதியும், எங்களைப் பற்றி, வர வழி. ஐந்தாறு பக்கங்கள் போதும். நோட்டில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எந்தத் தாளில் பதில் இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத கேள்வி மிஞ்சினால் தாள் குறைகிறது. கேள்வியே இல்லாத தாள் மிஞ்சினால் அதை எடுத்துவிடுங்கள். தாளில் அடித்து எழுதக் காசு கிடையாது, கட்டிய பிறகு மாற்றச் சொன்னால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காசு.

5. தளத்தின் பெயர், அதாவது டொமைன், உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறபடி பதிவாக வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். "எல்லாம் நானே பாத்துக்கறேன் சார்" என்று செய்து தருகிறவர் தன் கணக்கில் பதிந்துவிடுவார். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை வேலை கிடைத்து பெங்களூரு போவார், நம்பரை மாற்றுவார். புதுப்பிக்கும் தேதி வந்து போகும். பார்சல் பையிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்த முகவரியில் ஒருநாள் வேறு யாருடைய விளம்பரமோ தெரியும். இப்படிப் பெயரைப் பறிகொடுத்துவிட்டு, பையெல்லாம் திரும்ப அச்சடித்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும்.

டொமைன் சொந்தச் சொத்து அல்ல, வருஷக் கணக்கில் எடுக்கும் உரிமை. ஒரே தவணையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு எடுக்கலாம். 'டாட் இன்' பெயர்களை நிர்வகிப்பது நிக்சி என்கிற தேசிய இணையப் பரிமாற்றகம், அதன் அங்கீகாரம் பெற்ற பதிவாளர்களிடம் வாங்கலாம். தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா' பெயரும் உண்டு. அதை வாங்கினாலும் ஆங்கில எழுத்தில் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சிறியதாக, போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளும்படி இருக்கட்டும். நடுவில் கோடு, எண் எதுவும் வேண்டாம்.

6. எழுத்து வேலையை அச்சகத்துப் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், கம்ப்யூட்டருக்குத் தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியது அது. அந்த எழுத்துரு இல்லாத போனில் புரியாத ஆங்கிலக் குவியலாகத் தெரியும், கூகுளும் அதைத் தமிழாகப் படிக்காது. யூனிகோடில் இருந்தால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும். தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 என்கிற இன்னொரு குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. பழையதை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒற்றுப்புள்ளியும் கொம்புக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

எழுத உட்கார்ந்தால் வார்த்தை வராதவர்கள், வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி போனில் பேசிப் பதிவு செய்து, அதை எழுதச் சொல்லுங்கள். "தரமான, நேர்த்தியான, நம்பகமான" என்று எல்லாக் கடையும் எழுதுகிறது. "இந்த ஜமக்காளம் ஆறடிக்கு ஒன்பதடி. நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். முதல் இரண்டு முறை தனியாகத் துவையுங்கள்." இப்படி எழுதினால் படிக்கிறவருக்குப் பொருள் கண்ணில் தெரியும்.

தேடுகிறவர்கள் ஜமக்காளம், ஜமுக்காளம், சமுக்காளம் என்று பலவிதமாகத் தட்டுவார்கள். ஆங்கில எழுத்தில் தட்டும்போது இன்னும் பலவிதம். உங்கள் பக்கத்தில் இந்த வடிவங்கள் இயல்பாக ஓரிரு இடத்திலாவது வரட்டும். எழுத்தைச் சிறிதாக்க வேண்டாம். தமிழுக்கு வரிக்கு வரி கொஞ்சம் கூடுதல் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் மோதும். கண்ணாடி போடுகிற அம்மா ஒருவரைப் படிக்கச் சொல்லிப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

7. படம் எடுக்கக் கேமராக்காரர் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், உங்கள் போன் போதும். ஆனால் கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். சிவப்பு ஒருவிதமாகவும் பச்சை வேறுவிதமாகவும் தெரியும். பார்சலைப் பிரித்தவர் "படத்துல பார்த்த கலர் இல்லீங்க" என்று திருப்பி அனுப்புவார். காலை எட்டு மணிவாக்கில், நேர் வெயில் படாத திண்ணையிலோ வாசலிலோ விரித்து எடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் நாலு படம்: முழுவதும் விரித்தது, ஒருவர் மேலே உட்கார்ந்தது, நூலின் தடிமன் தெரியும்படி கிட்டத்தில் எடுத்தது, ஓரத்து முடிச்சு. இரண்டாவது படம் கட்டாயம் வேண்டும். அடிக்கணக்கை மனதில் கற்பனை செய்ய முடியாதவர்கள் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அளவைப் புரிந்துகொள்வார்கள். பின்புறத்தையும் காட்டினால் கைத்தறி தெரிந்தவர்கள் மதிப்பார்கள். இணையத்தில் கிடைக்கிற அடுத்தவர் படத்தை எடுத்துப் போடவே போடாதீர்கள்.

போனில் எடுக்கிற படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். அப்படியே ஏற்றினால் அந்தியூர்ப் பக்கத்து மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு இருக்கிறவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது. படத்தை இருநூறு கேபிக்குள் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும் என்று செய்து தருகிறவரிடம் எழுத்திலேயே கேளுங்கள். தானாக நகரும் பேனர், திறந்ததும் பாடும் பாட்டு, இரண்டும் வேண்டாம்.

8. விலையைப் போடுங்கள். "பக்கத்துக் கடைக்காரன் பாத்துருவான்" என்று தயங்குகிறீர்கள். அவருக்கு உங்கள் விலை ஏற்கெனவே தெரியும். விலை தெரியாமல் போகிறவர் வாடிக்கையாளர்தான். நூல் விலை ஏறி இறங்குகிறது என்றால் "இன்ன அளவு, இன்ன விலையிலிருந்து" என்றாவது போடுங்கள், எந்தத் தேதி விலை என்றும் எழுதுங்கள்.

விலை போடும் முன் அனுப்பும் செலவைக் கணக்குப் பாருங்கள். ஜமக்காளம் கனமான பொருள். கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வருகிற கிலோவையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். இறுக்கிச் சுருட்டுவதா, மடித்து அடுக்குவதா என்பதிலேயே செலவு மாறும். ஒவ்வொரு அளவிலும் ஒன்றைக் கட்டி, எடை போட்டு, அளந்து, நோட்டில் எழுதிவையுங்கள். மண்டப ஆர்டருக்கு லாரி சர்வீஸில் டு-பே போட்டு, அதாவது வாடகையை வாங்குகிறவரே கட்டும்படி, அனுப்புவதுதான் வழக்கம் என்றால் அதைத் தளத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள்.

9. முதல் நாளே ஆன்லைன் பேமெண்ட் வேண்டுமா என்று யோசியுங்கள். மாதம் சில ஆர்டர் வருகிற கடைக்கு, ஒவ்வொரு பொருளுக்குக் கீழேயும் ஒரு வாட்ஸ்அப் பொத்தான் இருந்து, பேசி முடித்து, யூபிஐயில் பணம் வாங்கினால் போதும். ஆர்டர் பெருகிக் கை ஓயும்போது பேமெண்ட் கேட்வே சேர்க்கலாம். அப்போது ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு கேட்வே நிறுவனத்துக்குப் போகும், அதை விலையில் சேர்த்திருக்க வேண்டும். அந்த நிறுவனங்கள் கணக்கைத் திறக்கும் முன் திரும்பப் பெறும் விதி, தனியுரிமை, தொடர்பு விலாசம் ஆகிய பக்கங்கள் உங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும்.

10. சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020-இல் வந்தன. இணையத்தில் விற்கிறவர் தன் பெயர், விலாசம், குறை கேட்கும் அலுவலரின் பெயர், தொடர்பு எல்லாவற்றையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் வந்து சேர்ந்தது என்று தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் நீங்களாகவே இருப்பீர்கள். பாக்கெட் பொருள் விற்கிறவர்கள் நிகர எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் விலாசம் ஆகியவற்றையும், தின்பண்டமும் எண்ணெயும் விற்கிறவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணையும் காட்டுங்கள். வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கும் முன் ஜிஎஸ்டி பற்றி உங்கள் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

11. "எங்களைப் பற்றி" பக்கத்தில் நிஜத்தை மட்டும் எழுதுங்கள், நிஜமே போதுமான அளவு பெரியது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக்கு மட்டுமே என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் உண்டு. இதை வெளியூர்க்காரர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? காவிரியும் பவானியும் கூடுகிற ஊரில், கைத்தறியில் நெய்தது என்பதைத் தறியின் படத்தோடு சொன்னால், விசைத்தறிச் சரக்கை அதே பெயரில் மலிவாக விற்கிறவர்களுக்கு எதிரே நெசவாளருக்கு நீங்கள் செய்கிற நியாயம் அது.

ஆனால் குறியீட்டு முத்திரையைப் போடும் முன், அதைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற பயனர் நீங்கள்தானா என்று பாருங்கள். கைத்தறி முத்திரைக்கும் அப்படியே பதிவு வேண்டும். கடையில் விசைத்தறிச் சரக்கும் வைத்திருந்தால் அதைத் தனியாக வைத்து, விசைத்தறி என்றே எழுதுங்கள். நெசவாளர் படத்தைப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், போட்ட பின் அவருக்குக் காட்டுங்கள்.

12. இப்போது தாள்களையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு செய்து தருகிறவரிடம் போங்கள். முதல் வருஷச் செலவை மட்டும் கேட்காதீர்கள். ஹோஸ்டிங் நிறுவனங்கள் முதல் வருஷம் குறைத்து, அடுத்த வருஷம் ஏற்றுவது வழக்கம். விலையையும் படத்தையும் நீங்களே மாற்ற முடியுமா, கடவுச்சொற்களைக் கையில் தருவாரா, பேக்கப் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். முகவரி https என்று தொடங்குவதற்கான சான்றிதழுக்குத் தனிக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள். 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. அது இல்லாத தளத்தைப் பாதுகாப்பில்லாதது என்று குரோம் 2018 முதலே காட்டிவருகிறது.

13. திறக்கும் முன் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டிலேயே மலிவான போனில், சிம் டேட்டாவில் பாருங்கள். போன் நம்பரைத் தொட்டால் கால் போகிறதா? படத்துக்குள் நம்பரை எழுதியிருந்தால் போகாது. பிறகு கடையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "ஆறுக்கு ஒன்பது என்ன விலைன்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். வழி காட்ட வேண்டாம். அவர் தடுமாறுகிற இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்தச் சொல்லுங்கள்.

14. தளத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரை நியமியுங்கள். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் போதும். தீபாவளி, பொங்கல் விடுமுறையை முன்கூட்டியே போடுவது, விலை மாறினால் மாற்றுவது, வாட்ஸ்அப்பில் பதில் போகாத செய்தி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. புதிதாக வருகிறவரிடம் "எப்படிங்க நம்ம கடை தெரிஞ்சுது?" என்று கேட்டுக் குறித்துவைப்பதும் அவரே. விற்றுத் தீர்ந்த ரகத்தை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டு, இல்லை என்று சொன்னால் அவர் இன்னொன்றைக் கேட்பது அரிது. "இப்போது இல்லை, பத்து நாளில் வரும்" என்று அன்றே மாற்றுங்கள். பத்து நாள் என்று எழுதும் முன் தறிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.